நாதமும் சிவமும்: அலென் தானியேலுவின் இசையாராய்ச்சியும் அவர் கண்ட சைவமும்

பிற நாட்டிற் பிறந்து பிற சமயத்தில் வளர்ந்த ஒருவர் சிவபெருமானைப் புகழ்ந்து நூல் செய்வாராயின், அதனைக் கேட்டுச் சைவர் உவத்தல் இயல்பேயாம். ஆயினும் உவகை வேறு, ஆராய்ச்சி வேறு. புகழ்ந்தார் கொண்ட பொருள் யாது, அஃது எவ்வளவையான் நிறுவப்பட்டது, சைவ நூல்கள் கூறும் முடிபோடு எவ்வளவில் ஒக்கும், எவ்வளவில் ஒவ்வாது என ஆராயாமல், புகழ்ச்சி ஒன்றே பற்றி அந்நூலைப் பிரமாணமாகக் கொள்ளுதல், தன் மனையிற் புதைந்த நிதியைத் தோண்டிப் பாராதவன் வழிப்போக்கன் சொற்கேட்டுத் தன்னைச் செல்வன் என எண்ணி மகிழ்தல் போல்வதாம். பிரெஞ்சு இசையறிஞராகிய அலென் தானியேலு எழுதிய நூல்களைச் சைவருட் சிலர் அங்ஙனம் எடுத்தாளக் காண்டலின், அவருடைய இசைப்பணியும் சமயக் கொள்கையும் ஈண்டுத் தனித்தனி எடுத்து ஆராயப்படுகின்றன.

தானியேலு 1907-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் பாரிசு நகரை அடுத்த நெய்யி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் அரசியலில் அமைச்சர் பதவி வகித்தவர். அன்னையார் கத்தோலிக்க நெறியில் ஆழ்ந்த பற்றுடையராய்ப் பெண்மக்கட்குக் கல்வி நிலையங்கள் கண்டவர். தமையனாராகிய ழான் தானியேலு கிறித்தவ சமய நூல்களைக் கசடறக் கற்று, 1969-இல் கர்தினால் என்னும் உயர்பதவி எய்தினார். இத்தகைய குடியிற் பிறந்த இளையவர் வாய்ப்பாட்டும் நடனமும் ஓவியமும் பயின்று, 1932-இல் இந்தியாவுக்கு வந்து, சாந்திநிகேதனத்தில் இரவீந்திரநாத தாகூரின் நட்பைப் பெற்றார். பின்னர்க் காசியில் கங்கைக் கரையிலுள்ள ஒரு பழைய மாளிகையிற் குடியேறிப் பதினைந்து ஆண்டுக்கு மேல் அந்நகரில் வாழ்ந்தார். வடமொழியும் இந்தியும் கற்றார். சிவேந்திரநாத பாசு என்னும் ஆசிரியரிடம் வீணை பயின்றார். கரபாத்திரி சுவாமிகள் முதலாயினார் தொடர்பால் இந்து சமயத்துட் புகுந்து, சிவசரண் என்னும் பெயர் பூண்டார். காசி இந்து சர்வகலாசாலையில் 1949-இல் இசைத்துறைப் பதவியும் ஏற்றார்.

ஈண்டுக் கருதற்பாலது ஒன்றுண்டு. ஐரோப்பியர் பலர் இந்நாட்டுக் கலைகளை ஏட்டில் மாத்திரம் பயின்று எழுதினர். தானியேலுவோ மாணவராய் அமர்ந்து, நரம்பை மீட்டி, ஆசிரியர் திருத்தத் திருந்திப் பல்லாண்டு பயின்றார். ஆதலின் அவர் இசை பற்றிக் கூறுவன செவியாற் சோதித்துக் கூறியனவாம். அவருடைய ஆராய்ச்சியின் வலிமை இதுவேயாம்.

1943-இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட இசை அளவுநிலை பற்றிய நூலே அவர் கொள்கை அனைத்திற்கும் வித்தாகும். அதன் சாரம் வருமாறு: ஒரு நரம்பின் ஒலிக்கும் மற்றொரு நரம்பின் ஒலிக்கும் உள்ள உறவு எண்ணளவையால் விளங்குவது. ஸ்தாயி 2:1 என்னும் அளவினது. குரலுக்கு ஐந்தாம் நரம்பாகிய இளி 3:2 என்னும் அளவினது. அந்தர காந்தாரம் 5:4 என்னும் அளவினது. இளி முறையாகவே பன்னிரு முறை ஏறிச் செல்லின், ஏழு ஸ்தாயி கடந்து தொடங்கிய நரம்பிலேயே வந்து முடிதல் வேண்டும் எனத் தோன்றும். ஆயினும் அங்ஙனம் முடிவதில்லை. நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சி நிற்கும். இம்மிச்சத்தைப் பன்னிரு சுரத்திற்கும் பகிர்ந்து கொடுத்து, யாவற்றையும் சம இடைவெளியாக்கினர் ஐரோப்பியர். அதனால் பியானோவிலும் ஆர்மோனியத்திலும் இளி சிறிதளவே குன்றி நிற்பினும், அந்தர காந்தாரம் தன் இயல்பான நிலையினின்றும் செவிக்குப் புலனாமளவு விலகிவிடுகின்றது. வசதிக்காகச் செய்த இச்சமன்பாடு ஒலியின் மெய்யியல்பைச் சிதைத்தது என்பது தானியேலுவின் குற்றச்சாட்டு. இளி முறையில் ஐம்பத்து மூன்று முறை செல்லின் மிச்சம் மிக நுண்ணியதாகி வட்டம் ஏறக்குறைய முடிவுறுதலின், ஒரு ஸ்தாயியுள் ஐம்பதிற்கு மேற்பட்ட நிலைகள் வேறு வேறு பொருளுடையனவாய்ச் செவிக்குப் புலனாகும் எனவும், நம்மவர் கூறும் இருபத்திரண்டு சுருதிகள் அவற்றுள் அடங்கும் எனவும் அவர் துணிந்தார்.

இக்கணக்கு வெறுங் கற்பனையன்று. தம்பூராவின் சுருதியிற் செவி பழகினார்க்கு ஆர்மோனியத்தின் காந்தாரம் ஏன் உறுத்துகின்றது என்பதற்கு இதுவே விடை. அகில இந்திய வானொலி 1940-இல் அக்கருவியை விலக்கியதும், அதனை ஒட்டி நாடெங்கும் நிகழ்ந்த வாதங்களும் இசை வரலாறு அறிந்தார் அறிந்தவையே. தேவாரப் பண்ணிசைக்கும் இது பொருந்தும். பண்ணின் உயிர் சுரங்களின் நுண்ணிய நிலையில் உள்ளதாகலின், ஓதுவார் ஒருவர் சமப்படுத்திய சுரக்கட்டைகளின் பின்னே தம் குரலை இழுத்துச் செல்வராயின், பாட்டின் சொல் நிற்பினும் பண்ணின் முகம் மாறிவிடும்.

தானியேலு காசியில் இருந்து கணக்கிட்ட அக்காலத்திலேயே, விபுலானந்த அடிகள் தமிழிசை நூல்களினின்றும் அக்கணக்கைத் தனியே வருவித்துக்கொண்டிருந்தார். சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் ஆதாரமாகக் கொண்டு அடிகள் இயற்றிய யாழ்நூல் 1947-இல் வெளிவந்தது. குரலும் துத்தமும் இளியும் நந்நான்கும், கைக்கிளையும் விளரியும் மும்மூன்றும், உழையும் தாரமும் இவ்விரண்டும் ஆக இருபத்திரண்டு மாத்திரை என்னும் பழைய பகுப்பு எண்ணளவையோடு இயையுமாற்றை அடிகள் அதனுள் விளக்கினார். இவர்க்கு முன்னரே 1917-இல் ஆபிரகாம் பண்டிதர் தம் கருணாமிர்த சாகரத்தில் சுருதி இருபத்துநான்கு என வாதித்தார். இம்முக்கூற்றையும் ஒருங்கு வைத்து ஆராயுமிடத்து, தானியேலுவின் கணக்கு வடமொழி நூல்களோடும் வடநாட்டு இராகங்களோடும் நிற்கின்றது. பண்ணும் யாழும் அதனுள் இடம்பெற்றில. அவர் கேட்ட உலகம் பெரிது; ஆயினும் அஃது உலகம் முழுதுமன்று.

அவர் செய்த மற்றொரு பணி உலகறிந்தது. 1949-இலும் 1954-இலும் வடநாட்டு இசை பற்றி இரு பகுதியாக நூல் வெளியிட்டார். 1955-இல் இந்திய இசை ஒலித்தட்டுத் தொகுதி ஒன்றைப் பிரான்சில் வெளிவரச் செய்தார். 1960-ஐ ஒட்டி ஐரோப்பாவுக்கு மீண்டபின், யுனெஸ்கோ சார்பில் கீழ்நாட்டிசை ஒலித்தட்டு வரிசைகளைப் பதிப்பித்தார். 1963-இல் பெர்லினிலும், பின்னர் வெனிசிலும் ஒப்பியல் இசையாராய்ச்சி நிலையங்களை நிறுவினார். அதற்கு முன் ஐரோப்பாவில் இந்திய இசை பெரும்பாலும் மானிடவியலார் காட்சிச்சாலைப் பொருள்போலவே கருதப்பட்டது. பீதோவன் இசை கலை எனவும், கீழ்நாட்டார் இசை நாட்டுப்புறப் பழக்கம் எனவும் பகுக்கும் அவ்வழக்கத்தைத் தானியேலு கடிந்து மறுத்தார். இசைவாணரைப் பெயர் கூறாத பழங்குடிச் சான்றாகக் காட்டாது, அவரவர் பெயரோடு கலைஞராகவே உலகின்முன் நிறுத்தினார். இஃது அறமுடைய செயல். இதற்காக இந்நாட்டார் அவர்க்குக் கடப்பாடுடையர்.

இனி, அவர்க்குத் தமிழ்நாட்டோடு நேர்ந்த தொடர்பைக் காண்போமாயின், அஃது இரண்டு இடங்களைப் பற்றியது. 1954 முதல் ஈராண்டளவு சென்னை அடையாறு நூல்நிலையத்தின் தலைமையில் இருந்தார். அதன்பின், ழான் பிலியோசா 1955-இல் நிறுவிய புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். அங்கு நா. ரா. பட்டரோடு கூடிக் கீதாலங்காரம் என்னும் வடமொழி இசைநூலை 1959-இல் பதிப்பித்தார். அது பரதர் இயற்றிய மூல இசைநூல் என்று பதிப்பின் முகப்பே கூறும். அக்கொள்கை ஆராய்ச்சியாளர் யாவரானும் ஏற்கப்பட்டதன்று. தமிழ்ப் புலவர் துணையுடன் சிலப்பதிகாரத்தைப் பிரெஞ்சிலும், 1965-இல் ஆங்கிலத்திலும் வெளிவரச் செய்தார். மணிமேகலையை தி. வே. கோபாலையர் துணையுடன் பெயர்த்தார். அதன் ஆங்கிலப் பதிப்பு 1989-இல் வெளிவந்தது.

இம்மொழிபெயர்ப்புக்களால் இரு பெருங்காப்பியங்களும் மேல்நாட்டார் பலர் கைக்கு எட்டின. அந்நன்றி மறக்கற்பாலதன்று. ஆயினும் தலைப்புக்களே ஆராய்ச்சிக்கு இடந்தருவன. 1961-இல் வெளிவந்த பிரெஞ்சுப் பெயர்ப்பின் தலைப்பு வளையத்தின் கதை என்னும் பொருளது. சிலம்பு வளைய வடிவினதேயாயினும், வடிவினாற் பெயர்பெற்றதன்று, ஒலித்தலாற் பெயர்பெற்றது. உள்ளிட்ட பரல் மாணிக்கமோ முத்தோ என்னும் வேறுபாட்டினாலன்றோ கண்ணகி வழக்கும் வென்றது? ஒலியை ஆராய்தலையே தம் வாழ்க்கையாகக் கொண்ட ஒருவர் நூலின் முகப்பில் வடிவு நின்று ஒலி மறைந்தது வியப்பிற்குரியது. ஆங்கிலத் தலைப்புக் காலணி என்பதை விளக்கிற்று. எனினும் ஒலி அதனுள்ளும் ஏறவில்லை. மணிமேகலையின் ஆங்கிலத் தலைப்போ அவளை மாயக் கலம் ஏந்திய ஆடல்மகள் என்கின்றது. ஆடல் துறந்தவளே அக்காப்பியத் தலைவி. துறவே நூலின் பொருள். அவள் கையிலுள்ள அமுதசுரபியும் மாயத்திற்கன்று, பசிப்பிணி தீர்க்கும் அறத்திற்கு அறிகுறி. கண்ணைக் கவரும் புறத்தோற்றத்தை முன்னிறுத்தி, உள்ளீடாகிய அறத்தைப் பின்னிறுத்தும் இப்போக்கு இவர்தம் சமய நூல்களிலும் தொடர்ந்து வருதலின் ஈண்டு எடுத்துக்காட்டப்பட்டது.

அச்சமய நூல்களுள் தலையாயது 1979-இல் பிரெஞ்சில் வெளிவந்த சிவனும் தியோனிசசும் என்னும் நூல். வேத ஆரியர் வருகைக்கு முன்னரே இந்தியா முதல் மத்தியதரைக் கடல் வரை ஒரே ஆதிச் சமயம் பரவியிருந்தது என்றும், அச்சமயத்துத் தெய்வம் இந்தியாவிற் சிவன் எனவும் கிரேக்கத்தில் தியோனிசசு எனவும் வழங்கப்பட்டது என்றும், அஃது இயற்கையோடும் உடலின்பத்தோடும் இயைந்த களிப்பு நெறி என்றும் அந்நூல் வாதிக்கும். எருது, பாம்பு, இலிங்கம், மலை, கூத்து, உடன்திரியும் கணங்கள் ஆகிய ஒப்புமைகள் சான்றாகக் காட்டப்படும். இவ்வொப்புமை முழுதும் புதியதன்று. சந்திரகுப்த மௌரியன் அவைக்கு வந்த மெகஸ்தனீசும் இந்திய நாட்டுத் தெய்வம் ஒன்றனைத் தியோனிசசு என்றே குறித்தார்.

இதனை மறுக்குமாறு: உறுப்புக்கள் சில ஒத்தல் பற்றிப் பொருள் ஒன்றெனத் துணிதல் அளவைநூலார்க்கு உடன்பாடன்று. காட்டுப்பசுவும் வீட்டுப்பசுவும் கொம்பால் ஒக்கும். அதனால் அவை ஒன்றாகா. தியோனிசசு, சீயசு என்னும் தேவனுக்கும் செமெலே என்னும் மானிட மகளுக்கும் பிறந்தவன் எனக் கிரேக்கரே கூறுவர். அவர்களுள் ஒரு சாரார், அத்தெய்வம் குழவிப் பருவத்திற் பகைவராற் பிளக்கப்பட்டு மீளவும் பிறந்தது எனக் கூறுவர். பிறப்பும் இறப்பும் உடையது எதுவோ அது பசுவேயன்றிப் பதியாகாது என்பது சித்தாந்தத்தின் முதல் முடிபு. பிறப்பிலியாகிய சிவபெருமானைப் பிறந்தானொருவனோடு ஒன்றாக்குதல் அவனைப் புகழ்தலன்று, பசுவர்க்கத்துட் கூட்டுதலேயாம்.

அற்றேல், சைவத்தின் தொன்மையை அவர் நிறுவினாரன்றோ, அதனால் சைவர்க்குப் பெருமையன்றோ எனின், தொன்மை மாத்திரையே ஒரு நெறிக்குப் பெருமை தாராது. பழமையானவை யாவும் நன்றாகா, புதியவை யாவும் தீதாகா என உமாபதி சிவாசாரியர் சிவப்பிரகாசத் தொடக்கத்தே தெளிவுறுத்தினார். சைவத்தின் பெருமை அது முப்பொருள் உண்மையையும், உயிர் மலம் நீங்கி அருள் பெறுமாற்றையும் ஐயமறக் கூறுதலில் உள்ளது. அவ்வுண்மையை விடுத்து, வரலாற்றுக்கு எட்டாத காலத்துக் களிப்பு நெறியாகச் சைவத்தைக் காட்டின், எஞ்சுவது பெயர் மாத்திரமே.

தானியேலு இவ்வாறு பிறழ்ந்ததற்குக் காரணம் யாது? அவர் நூல்களை ஒருங்கு நோக்குமிடத்து, அக்காரணம் அவருடைய இசைக்கொள்கையினுள்ளேயே உளது என்பது புலனாகும். ஒலிகளின் உறவு 2, 3, 5 என்னும் எண்களால் அமைந்தது. உணர்ச்சியும் கருத்தும் அவ்வெண்களிலேயே உறைகின்றன. உலகத்தின் அமைப்பும் அவ்வெண்களையே பற்றியது. ஆதலின் சுருதியை உணர்தல் படைப்பின் மூலத்தை உணர்தலாம் என்பது அவர் கொண்ட தொடர்பு. 1967-இல் வெளிவந்த இசைப்பொருளியல் பற்றிய நூலிலும் அக்கொள்கையையே விரித்தார். செவியுணர்ச்சியைப் பற்றியவரை இஃது ஆராய்தற்குரிய நற்கருத்தே. அதனைக் கொண்டு மெய்ப்பொருளைத் துணியுமிடத்தேதான் வழு நேர்கின்றது.

சித்தாந்த நூல்கள் ஒலியின் பிறப்பை மிக நுண்ணிதாக வகுத்துள்ளன. சுத்தமாயையினின்றும் நாதமும், அதனின்றும் விந்துவும் தோன்றும். சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்னும் நால்வகை வாக்கும் அச்சுத்தமாயையின் விருத்திகளே. அவை எத்துணைத் தூயனவாயினும் மாயையின் காரியமாதலின் சடமேயாம். சடம் தானே தன்னை அறியாது. பிறர்க்குத் தானே அறிவிக்கவும் மாட்டாது. அதனைக் கருவியாகக் கொண்டு அறிவது உயிர், அறிவிப்பது சிவம். ஒலியையே பரம்பொருள் என்பாரைச் சத்தப்பிரமவாதி எனப் பெயர் கூறி, அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் மறுத்துள்ளார். ஏழு நூற்றாண்டுகட்கு முன்னரே எழுந்த மறுப்பு, எண்ணளவையோடு புதுக்கோலம் பூண்டு வந்த அக்கொள்கைக்கும் பொருந்துவதாயிற்று.

அற்றேல், திருமுறைகள் இறைவனை ஓசையாகவும் ஏழிசையாகவும் போற்றுகின்றனவே, அது நாதமே சிவம் என்பதாகாதோ எனின், ஆகாது. இறைவன் எல்லாப் பொருளினும் கலப்பினால் ஒன்றாயும், பொருட்டன்மையால் வேறாயும், செலுத்துதற்பொருட்டு உடனாயும் நிற்பன். ஒன்றாய் நிற்கும் நிலைபற்றி இசையே அவன் எனப்பட்டது. அதனால் இசையின் சடத்தன்மை அவனுக்கு எய்தாது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் அவனை ஏழிசையாகக் கூறியதனோடு அமையாது, இசையின் பயனாகவும் கூறினார். இசையும் பயனும் ஒன்றேயாயின் பயனை வேறெடுத்துக் கூறவேண்டாமையின், அச்சொல்லே இவ்வாராய்ச்சிக்குப் போதிய சான்றாம். தானியேலு இசையை நுணுகிக் கண்டார். இசைப்பயனை இசையினுள்ளேயே தேடினார்.

இன்னும் ஒரு தடை. எண்ணளவையில் அமைந்த சுருதி எல்லார்க்கும் ஒரே உணர்ச்சியைப் பயத்தல் காண்கின்றோமன்றோ, விலங்கும் பறவையும் இசைக்கு உருகுகின்றனவன்றோ எனின், ஆனாய நாயனார் வரலாறே விடையாகும். அவர் ஐந்தெழுத்தைக் குழலில் வைத்து ஊதியபோது ஆனிரையும் பிற உயிர்களும் தம்மை மறந்து நின்றன எனச் சேக்கிழார் சுவாமிகள் அருளிச்செய்தார். ஒலியின் ஆற்றல் அதனால் விளங்கிற்று. எனினும் இறைவன் எழுந்தருளி வந்து தன்பால் அழைத்துக்கொண்டது ஆனாயரையேயன்றி, ஒலிக்கு மயங்கிய அவ்வுயிர்களையன்று. சுருதி அங்கு அனைவர் செவிக்கும் ஒன்றே, அன்பு ஒருவர்பாலதே. உருகுதல் வேறு, வீடு பெறுதல் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

புதுச்சேரியில் தானியேலு இருந்த ஆராய்ச்சி நிலையத்திலேயே சைவாகம ஏடுகள் ஊர்தோறும் தேடித் தொகுக்கப்பட்டன. அவரோடு கீதாலங்காரம் பதிப்பித்த பட்டரே இரௌரவாகமத்தின் முதற்பகுதியை 1961-இல் வெளியிட்டார். புதுச்சேரியிலுள்ள அச்சைவ ஏடுகள் பதினோராயிரத்தளவின; 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அவை இடம்பெற்றன. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்பாதங்களாற் சைவத்தை நிறுவும் நூல்கள் அடுத்த அறையிற் குவிந்து கிடந்தன. ஆயினும் அவர் பின்னர் எழுதிய சமய நூலின் வாதம் அந்நாற்பாதத்தின்மேல் எழவில்லை. மெய்கண்ட சாத்திரங்களின்மேலும் எழவில்லை. ஞானமும் அருளும் அற்ற களிப்பையே சைவம் என்று மேல்நாட்டார் பலர் இன்று எண்ணுதற்கு அந்நூலும் ஒரு காரணமாயிற்று. அக்கருத்தே திரும்பி வந்து, இந்நாட்டு இளைஞர்க்கும் அவர்தம் சமயம் இன்னதெனக் கற்பிப்பதாகுமாயின், அதனின் மிக்க கேடு பிறிதில்லை. இது தானியேலு ஒருவர் குற்றமன்று. சித்தாந்த நூல்களைப் பிற மொழியாளர்க்குத் தெளிவுற எடுத்துக் கூறாது வாளாவிருந்த சைவர்க்கும் அதிற் பங்குண்டு.

தானியேலு 1994-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் சுவிட்சர்லாந்தில் மறைந்தார். அவர் வாழ்நாட் பணியை எவ்வாறு மதித்தல் தகும் என்பதற்குத் திருத்தருமபுரத்து நிகழ்ச்சி ஒன்று வழிகாட்டும். ஆளுடைய பிள்ளையார் அருளிய திருப்பதிகத்தின் இசை யாழில் அடங்காதாக, திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் கருவியை முறிக்கத் துணிந்தார். பிள்ளையார் அதனைத் தடுத்து, சிவசத்தியின் பெருமை இக்கருவியில் அடங்குமோ என உணர்த்தி, கருவியின் அளவிற்கு இயன்றவாறு வாசிக்கப் பணித்தார். யாழ் குற்றமுடையதன்று, தன் அளவின் மிக்கதனைத் தன்னுள் அடக்க முயலுதலே பொருந்தாதது. தானியேலுவின் சுருதிக் கணக்கும் அத்தகைய கருவியேயாம். பண்ணாராய்ச்சி செய்வார் அதனைக் கைக்கொண்டு யாழ்நூலோடு ஒப்புநோக்கிப் பயன் கொள்க. சிவத்தை அறிய விழைவார் அக்கணக்கின் எல்லையில் நின்றுவிடாது, திருமுறையும் சாத்திரமும் குருமுகமாகக் கேட்டுத் தெளிக. நாதம் சிவத்தின் கருவி. சிவம் நாத முடிவிற்கும் அப்பாலது என்பதே சித்தாந்தத் துணிபு.